டீச்சர் பார்த்த கடைசி முதுகு

எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும் என்று தெரியவில்லை. எனக்குப் பேண்ட் ஜிப் தோன்றும். குனிந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சட்டைப் பொத்தானைத் தடவினேன். மீசையில் சட்னி ஒட்டியிருக்குமோ என்று துடைத்தேன். அந்தம்மா இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மேடைக்கு இடது பக்கம், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பாடுகிறவருக்கு முதுகும் எங்களுக்கு முகமுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. காதில் சொருகிய பென்சில்.

பென்சிலைப் பார்த்த பிறகுதான் ஆள் தெரிந்தது. எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்த டீச்சர். நாற்பத்தெட்டு வயது, தென்காசியில் சொந்தமாக ஒரு ஜெராக்ஸ் கடை, காலேஜில் படிக்கும் மகள், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று பிரஷர் மாத்திரை, இவ்வளவும் உள்ள ஒரு மனுஷன் ஒரு பென்சிலைக் கண்டு நாற்காலிக்குள் சரிந்து ஒளிந்தான் என்றால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

நான் அன்றைக்கு அங்கே போனது பாட்டுக்காக இல்லை. குற்றாலத்தில் சீசன். சாரல் விழுந்தால் எங்கள் ஊர் சங்கீத சபா தென்காசியிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு குற்றாலத்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்துவிடும். அருவியில் குளித்துவிட்டு, காதில் தண்ணீரும் வயிற்றில் பசியுமாகச் சுற்றுகிற வெளியூர் ஜனம் ஓசியில் நாற்காலி கிடைக்கிறதே என்று வந்து உட்காரும். நான் உட்கார்ந்தது கேண்டீனுக்காக. மண்டபத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், கேரள எல்லையில் புளியறை செக்போஸ்டு பக்கம் லாரிக்காரர்களுக்கு வடை போட்டுப் பழகிய மாஸ்டர் ஒருத்தர் சட்டி வைத்திருந்தார். அவர் போடும் உளுந்தவடையைச் சாப்பிட்டவன் அடுத்த கச்சேரி எப்போது என்று சபா நோட்டீசைத் தேடுவான்.

கச்சேரியின் நடுவில் பாட்டும் வயலினும் ஓய்ந்து, மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கிற கட்டம் ஒன்று வரும். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் அதற்கு இடைவேளை என்று பெயர். மிருதங்கத்தில் முதல் அடி விழுந்ததும் யாரோ மணி அடித்த மாதிரி கூட்டம் எழும்பும். அந்தக் கூட்டத்துக்குத் தளபதி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் என்னைத்தான் சொல்லவேண்டும். அன்றைக்கும் நான்தான் முதலில் எழும்பினேன். கதவுவரை போய்விட்டேன்.

"ஏலே."

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அந்த 'ஏலே' எட்டாம் வகுப்பிலிருந்து நேராக வந்தது. நின்றுவிட்டேன்.

"எங்கன போறே?"

"பாத்ரூம், டீச்சர்."

"கணக்கு பீரியட்லயும் இதத்தானலே சொன்னே. முப்பத்தஞ்சு வருசமா ஒனக்கு வேற காரணமே கிடைக்கலயா?" நோட்டைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார். "நீ ஜெராக்ஸ் கடை வச்சிருக்கியாம்லா? கம்ப்யூட்டர் இருக்கா? புரொஜெக்டர் மாட்டத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியும் டீச்சர்" என்று வந்தது. பயந்தவன் வாயில் எப்போதும் தப்பான விடைதான் முதலில் வரும். அப்படித்தான் நான் எங்கள் சபாவுக்குத் 'தொழில்நுட்பப் பொறுப்பாளர்' ஆனேன்.

டீச்சர்தான் சபாவின் புதுச் செயலாளர். பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்தது ஒரே வேலை. ஜனத்தை எழும்பவிடாமல் உட்கார வைப்பது. பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால், "அதப் பாடுனவங்ககிட்ட கேளு" என்பார். "கச்சேரி அங்கன நடக்கல, இங்கன நடக்கு" என்று நாற்காலிகளைக் காட்டுவார். அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்ட தாள். கீழே நேரம், பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிற தலைகள். கச்சேரிக்கு ஒரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் கோடு மேடு மாதிரி மெதுவாக ஏறிப் போய், தனி ஆவர்த்தனம் வந்ததும் மெயினருவி மாதிரி சரேலென்று விழுந்திருந்தது.

"இந்த அருவியத்தாம்லே நிப்பாட்டணும்" என்றார்.

முதலில் விளக்குகளை வைத்துப் பார்த்தார். ஜனம் ஏன் எழும்புகிறது? கணக்குப் புரியாததால். கணக்கைக் கண்ணுக்குக் காட்டிவிட்டால்? மேடையின் முன்னால் எட்டு விளக்கு. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு விளக்கு எரியும், ஜனமும் கூடவே கை தட்டித் தாளம் போடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. விளக்கு கொடுத்தவர் கோயில் கொடை விழாக்களுக்கு சீரியல் லைட் கட்டுகிறவர். சுவிட்சு என் கையில். "ஒண்ணு அமுக்குனா ஒண்ணு எரியும், அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்று அமுக்கினேன். ஒன்று எரிந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்தச் சந்தோஷத்தில் விரல் இரண்டு தடவை பட்டுவிட்டது. விளக்குகள் ஓட ஆரம்பித்தன. சிவப்பு, பச்சை, நீலம். நிறுத்த அமுக்கினேன். எதிர்த்திசையில் ஓடின. இன்னும் அமுக்கினேன். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரிந்தன. மிருதங்கக்காரர் பாவம், ஓரக்கண்ணால் விளக்கைப் பார்த்துவிட்டார். விளக்கு ஓடியது. அவரும் பின்னாலேயே ஓடினார். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் சாமி புறப்பாடு என்று நினைத்துச் சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.

நான் வியர்த்து ஊறிப்போய், பிரஷர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். டீச்சர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரத்தவிட பதினோரு பேரு கூட இருந்திருக்காவ லே!"

"டீச்சர், விளக்கு தப்பா எரிஞ்சுது."

"தப்பா எரிஞ்சாலும் பாத்தாவள்லா?"

கும்பிட்டவர் எழுந்து நின்றுவிட்டதால் அவரை மட்டும் உட்கார்ந்தவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது கேமரா. என் போனையே ஒரு கம்பில் கட்டி மிருதங்கத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, விரல் ஆடுவதைப் பின்னால் திரையில் பெரிதாகக் காட்டுவது. இது உண்மையிலேயே நன்றாக இருந்தது. மிருதங்கத்தின் வலது பக்கத்துக் கறுப்பு வட்டம் திரையில் ஆட்டுரல் அகலத்துக்குத் தெரிந்தது. விரல்கள் அதன்மேல் மழை விழுகிற மாதிரி விழுந்தன. இவ்வளவு நாள் இதைப் பார்க்காமலா வடை தின்னப் போனோம் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தில் கம்பு மெதுவாகச் சாய்ந்தது. திரையில் வயலின் வித்வான் வந்தார். தனி நடக்கும்போது வயலினுக்கு வேலை இல்லை. அவர் துண்டுக்கு அடியில் ஒரு மங்குஸ்தான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். பத்தடி உயரத்தில் அந்த வெள்ளைச் சுளை ஒவ்வொன்றாக உள்ளே போனதை மண்டபமே பார்த்தது. கடைசிச் சுளைக்குக் கைதட்டல் கிளம்பியது. மிருதங்கத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, வயலின் வித்வானும் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டி "பேஷ்" என்றார்.

அன்றைக்கு நோட்டில் கோடு ரொம்ப நேரம் விழவே இல்லை. "மங்குஸ்தான் முடியுத வரைக்கும் ஒருத்தரும் அசையல" என்று டீச்சர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த கச்சேரிக்கு வயலின் வித்வானுக்கு இரண்டு பழம் வாங்கி வைக்கலாமா என்றுகூட யோசித்தார் என்று நினைக்கிறேன்.

இந்தம்மாவுக்கு ஏன் இப்படி ஒரு கோட்டி, இப்படி ஒரு கிறுக்கு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. ஒருநாள் கடையில் ஏதோ லேமினேஷனுக்காகக் காத்திருந்தபோது அவராகவே சொன்னார். டீச்சரும் மிருதங்கக்காரர்தான். சனி, ஞாயிறுகளில், பள்ளிக்கூட லீவில், பண்பொழி மலைக்கோயில், கீழப்பாவூர் கோயில், இந்த ஊர் சபா என்று கூப்பிட்ட இடத்திலெல்லாம் வாசித்திருக்கிறார். தோள்பட்டை தேய்ந்து டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரைக்கும்.

"பாட்டு நடக்கும்போது எல்லார் மூஞ்சியும் தெரியும். நம்ம முறை வரும். முத அடி போட்டு நிமிந்து பாத்தா வரிசையா முதுகு. யாரு சட்டை எங்கன கிழிஞ்சிருக்கு, யாருக்கு வேர்க்குரு, யாரு பனியன் போடல, எல்லாம் எனக்குத் தெரியும். மூஞ்சி வச்சு அடையாளம் தெரியாத ஆளக்கூட முதுக வச்சுச் சொல்லிருவேன்." மெஷினிலிருந்து சூடாக வந்த அட்டையை ஊதினார். "அன்னைக்கு ஒன்னயும் அப்படித்தாம்லே கண்டுபிடிச்சேன். கதவுப் பக்கம் போனேல்லா, அப்பதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் என் முதுகைப் பார்க்க முயற்சி செய்து கழுத்து பிடித்துக்கொண்டது.

அந்த சீசன் முடியப்போகிற நேரத்தில் கமிட்டி கூடியது. தலைவர், அரிசி ஆலை அண்ணாச்சி, நல்ல மனுஷன். யாரையும் நோகடிக்க மாட்டார். அதனால் அவர் நோகடித்தால் தாமதமாகத்தான் வலிக்கும்.

"டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்கப்பிடாது. அடுத்த வருசத்துலேர்ந்து இந்தத் தனிய எடுத்துருவோமே. அந்த நேரத்துல ரெண்டு சின்னப் பாட்டு கூடப் பாடச் சொல்லிருவோம். ஜனத்துக்கும் சந்தோசம். மிருதங்கக்காரவியளுக்கும் கை வலி மிச்சம்."

கமிட்டியில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பயத்தில் நானும் ஆட்டினேன். டீச்சர் என்னைப் பார்த்தார். ஆட்டிய தலையைக் கழுத்து வலி என்று காட்டுவதற்காக அப்படியே வட்டமாகச் சுழற்றினேன்.

டீச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "கடைசிக் கச்சேரி ஒண்ணு பாக்கி இருக்குல்லா அண்ணாச்சி? தனி முடியும்போது பாதி நாற்காலியில ஆள் இருந்தா தனி இருக்கட்டும். இல்லன்னா தனியும் போகட்டும், நானும் போயிருதேன். நீங்களே எண்ணுங்க."

"அதெல்லாம் என்னத்துக்கு டீச்சர்…" என்றார் அண்ணாச்சி. ஆனால் கமிட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசிக் கச்சேரிக்கு டீச்சர் யோசித்ததுதான் ஓட்டு. கேட்டு வாங்கின சாப்பாட்டை எவனும் இலையில் விட்டுவிட்டு எழும்ப மாட்டான் என்பது அவர் கட்சி. தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று அடி வைத்து வாசிக்கலாம், ஐந்து வைக்கலாம், ஏழு வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நடை வேறு. எது வேண்டும் என்று ஜனமே போனில் ஓட்டுப் போடட்டும். ஜெயித்ததை மிருதங்க வித்வான் அங்கேயே வாசிக்கட்டும். வித்வானிடமும் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார்.

ஓட்டுப் பக்கம் தயாரிப்பது என் வேலை. முதலில் சரியாக வருகிறதா என்று பார்க்க வீட்டில் ஒன்று செய்தேன். மூணு, அஞ்சு, ஏழு. என் மனைவி போனில் கியூஆர் கோடைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல என்னத்தப் போட? எனக்கு எது தெரியும்?" என்றாள். அவளைச் சிரிக்க வைக்க நான்காவதாக 'உளுந்தவடை' என்று ஒன்று சேர்த்தேன். உடனே போட்டாள். இருவரும் சிரித்தோம். பிறகு சமர்த்தாக வடை இல்லாமல் இன்னொன்று புதிதாகச் செய்தேன். கம்ப்யூட்டரில் இப்போது மூன்று கோப்புகள். 'ஓட்டு', 'ஓட்டு புதுசு', 'ஓட்டு புதுசு கடைசி'. இதில் எது எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும் என்று நினைத்தேன். இருநூறு அட்டை அச்சடித்து, லேமினேஷன் போட்டு, ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் நூலால் கட்டினேன். அருவிக்கரைக் குரங்குகள் பத்துப் பன்னிரண்டை அறுத்துக்கொண்டு போய்க் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பின. அவற்றுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே நல்ல சாரல். பாதிப் பேர் தலையில் ஈரத் துண்டோடு வந்திருந்தார்கள். பாடகி நன்றாகப் பாடினார் என்று சொன்னார்கள். நான் லேப்டாப்பின் முன்னால் உள்ளங்கை ஈரத்தைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓய்ந்தது. டீச்சர் மைக்கை வாங்கினார். வழக்கம்போல மேடைக்கும் திரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிசம், யாரும் எழும்பாதீங்க. இன்னைக்கு வித்வான் என்ன வாசிக்கணும்னு நீங்கதான் சொல்லப்போறீங்க. முன்னால இருக்க நாற்காலியில அட்டை தொங்குதுல்லா, போன எடுங்க. திரையில பாருங்க."

நான் பட்டனை அமுக்கினேன். திரையில் நான்கு வரி வந்தது.

மூணு: 0. அஞ்சு: 0. ஏழு: 0. உளுந்தவடை: 1.

அந்த ஒன்று என் மனைவி.

என் மூளை என்னை விட்டுப் போனது அப்போதுதான். மூட வேண்டிய பட்டனை விட்டுவிட்டுப் பக்கத்துப் பட்டனை அமுக்கினேன். எழுத்து பெரிதானது. திரை முழுக்க உளுந்தவடை. முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். பின்னால் சிரிப்பு பரவியது. ஈரத் துண்டுகள் எல்லாம் போனைத் தூக்கின. அருவியில் குளித்த வயிறுகள். ஒன்று ஒன்பது ஆனது. ஒன்பது முப்பத்திரண்டு ஆனது. அறுபதைத் தாண்டியது. ஏழுக்கு யாரோ ஒரே ஒரு புண்ணியவான் போட்டிருந்தான்.

டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. திரை அவர் முதுகுக்குப் பின்னால். அவர் பார்த்ததெல்லாம் இருநூறு முகம், இருநூறும் சிரிப்பு. எத்தனையோ வருஷம் முதுகையே பார்த்த மனுஷி. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மேடையில் மிருதங்க வித்வான் திரையைப் பார்த்து மிருதங்கத்தின்மேல் வைத்த கையை எடுத்துவிட்டார். டீச்சர் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தார். தலை பாதி திரும்பியிருக்கும்.

நான் எழும்பி ஓடினேன்.

கேண்டீன் கொட்டகையில் மாஸ்டர் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன அண்ணாச்சி, நீங்க மட்டும் வாறிய? தனி தொடங்கியாச்சா? ஆளெல்லாம் எவிட?"

"ஆளா? கொல்ல வாறாங்க மாஸ்டர். தண்ணி இருக்கா?"

தண்ணீரைக் குடித்தேன். அடுத்து என்ன செய்வது என்று யோசித்தேன். கடையை மகள் பெயருக்கு எழுதிவிட்டு, பண்பொழி மலை ஏறி, கோவணத்தோடு முருகனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆண்டியாக உட்கார்ந்துவிடலாம். டீச்சரால் அவ்வளவு படி ஏற முடியாது. இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மண்டபத்திலிருந்து சத்தம் வந்தது.

"உளுந்தவடை! உளுந்தவடை! உளுந்தவடை!"

கூடவே கைதட்டு. ஒரே சீராக. தட்டுக்கு ஒரு வடை. இருநூறு பேர். கோஷம் என்றால் தேர்தல் நேரத்தில்கூட நான் அப்படி ஒரு கோஷம் கேட்டதில்லை. கலவரம் என்று முடிவுசெய்து கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

மாஸ்டர் என்னைவிட அதிகமாகப் பயந்துவிட்டார். "எண்டெ பகவதி! இம்புட்டு பேரும் வடையா கேக்காவ? மாவு காணாதே அண்ணாச்சி! ஒரு தூக்குச்சட்டிதான் இருக்கு!"

"இருக்கதக் கொண்டுபோய்க் குடுங்க மாஸ்டர். கை வச்சிருவாங்க."

பொரித்து வைத்திருந்ததை ஒரு தாம்பாளத்தில் அள்ளிக்கொண்டு, கரண்டியும் கையுமாக மாஸ்டர் சாரலில் ஓடினார். திரும்பி வரவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பிடித்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. நடுவில் திடீரென்று ஒரு பக்கம் ஓய்ந்து இன்னொரு பக்கம் மட்டும் கத்தியது. பிறகு இரண்டும் சேர்ந்தது. கலவரக்காரர்கள் இவ்வளவு ஒழுங்காக முறை வைத்துக் கத்துவார்களா என்று சந்தேகம் வந்து, குனிந்து குனிந்து போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

ஒரு நாற்காலியும் காலியாக இல்லை. மண்டபமே கை போட்டுக்கொண்டிருந்தது. இடப்பக்கம் தாளம் தட்ட, வலப்பக்கம் வடை சொல்ல, மிருதங்க வித்வான் வாயெல்லாம் பல்லாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஐந்து அடி. உ, ளுந், த, வ, டை. உ, ளுந், த, வ, டை. அதே ஐந்தை இரட்டிப்பு வேகத்தில் போட்டார். ஜனமும் நாக்கு பிறழப் பிறழ இரட்டிப்பாகச் சொன்னது. முன் வரிசையில் தலைவர் அண்ணாச்சி, எண்ண வேண்டியவர், கண்ணை மூடி 'உளுந்தவடை' சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் மாஸ்டர் தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரண்டியால் தூணில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தாம்பாளத்தில் ஒரு வடையைக்கூட யாரும் தொடவில்லை.

நடந்ததைப் பிறகு மாஸ்டர்தான் சொன்னார், உள்ளே போனதும் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாம். டீச்சர் திரையைப் பார்த்தாராம். பிறகு மைக்கில், "ஓட்டுன்னு வச்சா ஜெயிச்சதுக்கு மரியாதை குடுக்கணும். உளுந்தவடைதான் ஜெயிச்சிருக்கு. வித்வான், உளுந்தவடை வாசிங்க" என்றாராம். வித்வான் திருதிருவென்று முழித்தாராம். டீச்சர் ஒரு தட்டுக்குள் அதை அடக்கிச் சொல்லிக் காட்டி, "எண்ணிப் பாருங்க, அஞ்சு. வாசிக்கலாம்லா?" என்று கேட்டாராம்.

நான் ஜன்னலில் தேடியது டீச்சரைத்தான். அந்தத் திருப்பிப் போட்ட நாற்காலியில் அவர் இல்லை. நோட்டு மட்டும் கிடந்தது. முன் வரிசை ஓரத்தில், மற்றவர்களைப் போலவே மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பார்த்து அவர் மேடையைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஜனத்தைக் காவல் காக்க வேண்டிய வேலை இல்லாமல் போயிருந்தது. இரண்டு கையும் மடிக்கு மேலே காற்றில் வாசித்துக்கொண்டிருந்தன. தேய்ந்த தோள்பட்டை மறந்துபோயிருந்தது. முடிவில் வித்வான் ஒரே அடுக்கை மூன்று தடவை வாசித்து நிறுத்திய இடத்தில் டீச்சரின் கையும் சரியாக நின்றது. இருநூறு பேரும் நின்றார்கள். தூணில் மாஸ்டரின் கரண்டி மட்டும் ஒரு அடி கூடப் போட்டது.

அடுத்த கமிட்டிக்கு நான் போகாமல் இருக்கத்தான் பார்த்தேன். கடை வாசலில் டீச்சர் அனுப்பின ஆட்டோ வந்து நின்றது. போனேன். கடைசி நாற்காலியில், கதவை ஒட்டி உட்கார்ந்தேன். டீச்சர் நோட்டைப் பிரித்து நிதானமாக வாசித்தார்.

"கடைசிக் கச்சேரி. தனி ஆவர்த்தனம் முடியுத நேரம் மண்டபம் நிறைஞ்சிருந்தது. இடையில எழும்பிப் போனவர், ஒருத்தர்."

"ஒருத்தர்தானா!" தலைவர் அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப தனி இருக்கட்டும் டீச்சர், எப்பவும் இருக்கட்டும். அது யாரு அந்த ஒத்தப் பய? ரசன கெட்ட மூதி."

"இங்கனதான் இருக்கான்" என்றார் டீச்சர். "மூஞ்சியப் பாத்தா தெரியாது. எழும்பச் சொல்லுங்க, காட்டுதேன்."

நான் எழும்பவில்லை. கமிட்டி முடிந்து எல்லோரும் போகும் வரைக்கும் எழும்பவில்லை.

டீச்சர் இப்போது ஊரில் இல்லை. மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் குற்றாலத்தில் கச்சேரி என்றால் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் எனக்கு வீடியோ கால் வந்துவிடும். முதல் தடவை போனை மேடைப் பக்கம் நீட்டினேன்.

"ஏலே, அங்கன என்ன இருக்கு? ஜனத்தக் காட்டுலே."

அதனால் டீச்சர் உட்கார்ந்த அதே இடத்தில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜனத்தைப் பார்த்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். முன் வரிசைக்காரர்கள் குனிந்து ஜிப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். தனி தொடங்கும். பின்னால் கொட்டகையில் மாஸ்டர் வடையை எண்ணெயில் விடும் சத்தம் கேட்கும். வாசனை வரும். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருக்கிறேன். ஆடாமல் பிடிக்க வேண்டும். ஆடினால் கேட்பார். எழும்பினால் கேட்கவே வேண்டாம்.

நான்கு சீசன் கழிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மகன் அவருக்குப் பெரிய டிவியே வாங்கிக் கொடுத்திருக்கிறான். சபா கச்சேரிகள் முழுவதும் நேரலையில் வருகின்றன, ஜனமும் மேடையும் சேர்ந்தே தெரியும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவனே நான்தான். அப்புறம் என் போன் எதற்கு என்று கேட்டேன்.

"ஒனக்குத்தாம்லே" என்றார் டீச்சர்.